அறுபத்திரண்டாம் லெவலில் நான் சொன்னது

மாரிகுப்பம்
நவம்பர் 10, ஞாயிறு மாலை

அன்பு மகள் ஈவ்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், ஜெர்மனியின் அந்தக் குளிரில் நீயும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். பதினோரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே, ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு இடது முழங்கால் வீங்கி வற்றியது, இப்போது தைலம் தேய்த்துக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தே வருகிறாள். உன் தம்பி கிறிஸ்டோ விடியும் முன் ரயில் பிடித்து பெங்களூர் போய் இருட்டிய பிறகு வருகிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவன் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறோம். இந்த வருஷம் மழை பரவாயில்லை, தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி அடங்கியிருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். அம்மா உன்னிடம் பேசும்போதெல்லாம் நான் வெளியே எழுந்து போய்விடுகிறேன் என்று அவள் உன்னிடம் குறைபட்டிருப்பாள். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போனில் எனக்குக் காது கேட்பதில்லை என்பதும் உண்மை, அதை அவளிடமே இந்த ஜூலையில்தான் ஒத்துக்கொண்டேன்.

டிசம்பரில் நீ வருவதாகவும் பெங்களூரில் லாட்ஜில் தங்கப்போவதாகவும் அம்மா அங்கே வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாயாம். பெற்றவள் இந்த முழங்காலோடு ரயிலேறி லாட்ஜில் போய் மகளைப் பார்ப்பதா என்று நான் கத்தினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "வாசலை மிதிக்காதேன்னு சொன்னவரு நீங்க, அவ மிதிக்கல, இப்போ இன்னாத்துக்குக் கத்தறீங்க" என்றாள். இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்து உட்கார்ந்து நாலு முறை எழுதிக் கிழித்தேன், இது ஐந்தாவது.

நடந்ததை நான் பார்த்த விதத்தில்தான் எனக்குச் சொல்லத் தெரியும். நீ ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு பிள்ளை எழுந்து, ஸ்கூலில் குரங்கு வழியாக மனுஷன் வந்தான் என்கிறார்கள், இங்கே மண்ணிலிருந்து என்கிறீர்கள், எது நிஜம்க்கா என்று கேட்டது. உண்டாக்கியவர் ஆண்டவர்தான், ஆனால் நம்மால் எண்ண முடியாத காலம் எடுத்து, ஒரு உயிரிலிருந்து இன்னொரு உயிராக மெதுவாக உண்டாக்கியிருக்கலாம் என்று நீ சொன்னாய். சபைக் கமிட்டிச் செயலாளர் மகளே இப்படிப் பேசலாமா என்று பாக்கியவதி டீச்சர் என்னைத் தேடி வந்து கேட்டார். வீட்டில் உன்னை நிறுத்திக் கேட்டேன். நீ என்னையே திருப்பிக் கேட்டாய், "ஜெபம் பண்ணிட்டுத்தானே சுரங்கத்துக்கு எறங்கற கேஜ்ல ஏறுவீங்க, அப்பால கீழ போய் இன்னாத்துக்குப்பா கல்லைத் தட்டிப் பாப்பீங்க, ஆண்டவர் மேல நம்பிக்கை இல்லாமலா" என்று. வெடி வைத்த இடத்தில் ஆட்கள் வேலைக்கு உட்காருமுன் தலைக்கு மேலே நிற்கும் கல்லைக் கடப்பாரையால் தட்டிச் சத்தம் கேட்பது சுரங்கம் மூடும்வரை என் வேலை. கெட்டிக் கல் மணி மாதிரி பதில் சொல்லும், உள்ளே விட்டுப்போன கல் விரிசல் கண்ட பானை மாதிரி சத்தம் கொடுக்கும். சின்ன வயதில் உனக்கு நானே நம் வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறேன். ஆகவே நீ தெரியாமல் கேட்கவில்லை, ஆனால் நீ எந்த இடத்தில் கை வைத்தாய் என்பது உனக்குத் தெரியாது. அந்த வாரமே கமிட்டியைக் கூட்டினேன். ஈவ்லின் போதகத்துக்கு மாறாகப் பேசியதால் நீக்கப்படுகிறாள், சபைமுன் மன்னிப்புக் கேட்டால் மட்டுமே சேர்க்கப்படுவாள் என்று மினிட்ஸ் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன். நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்ட பிறகு இந்த வாசலை மிதி என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய், என்னோடு சுரங்கத்தில் வேலை செய்த ஆபிரகாம்தான் நொண்டி நொண்டி ஸ்டேஷன் வரைக்கும் உன்கூட வந்தான்.

ஜூலையில் கிறிஸ்டோ என்னைக் காது டாக்டரிடம் வற்புறுத்தி அழைத்துப் போனான். அந்த டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் காதைத் திறந்து உள்ளே மூன்று எலும்பு காட்டினார், கடைசி எலும்பு அரிசி மணியைவிடச் சின்னது. எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது தாத்தா, துளை போடும் மிஷின் சத்தத்தில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, வலது காது போய் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். இந்த எலும்பைப் பற்றித்தான் என் மகள் படிக்கிறாள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது, சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, நீ டாக்டர் பட்டத்துக்கு எழுதி அம்மாவுக்கு அனுப்பிய புத்தகத்தை பீரோவிலிருந்து எடுத்தேன். ஏழாவதோடு நின்றவன், சுரங்க ஷாப்ட் வாசலில் ஒட்டிய நோட்டீசைப் படித்தே இங்கிலீஷ் கற்றவன், அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதலில் நன்றி சொல்லும் பக்கம். அம்மா பெயர் இருந்தது, கிறிஸ்டோ பெயர் இருந்தது, ஆபிரகாம் மாமா பெயர் இருந்தது. என் பெயரை மூன்று தரம் தேடினேன். மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் தொடவில்லை. அப்புறம் மறுபடி எடுத்து அக்டோபருக்குள் முடித்தேன், பாதி புரியவில்லை. பழைய காலத்துப் பிராணிகளுக்குத் தாடைக் கீலாக இருந்த எலும்புகள் சிறுத்துச் சிறுத்து காதுக்குள் போய்ச் சேர்ந்தன என்று நீ எழுதியது புரிந்தது. கடிக்க வைத்ததைக் கேட்பதற்கு என்று மாற்றி வைக்க எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று அன்றைக்கெல்லாம் அதே யோசனை. எழுபத்தொரு வருஷமாகக் கடித்துக்கொண்டு மட்டுமே இருக்கிறவன் நான் என்றும் தோன்றியது.

இனி எழுதுவது உன் அம்மாவுக்கும் போன மாதம் வரை தெரியாது. உனக்கு ஆறு வயது, தொண்ணூற்றாறாம் வருஷம். எனக்கு வலது காது அப்போதே போய்விட்டது, இடது பாதி. சொன்னால் மேலே தரை வேலைக்குப் போட்டுவிடுவார்கள், எங்கள் செட்டு ஆட்களில் நான்தான் மூத்தவன், தட்டிச் சொல்கிறவன், அந்த மரியாதையை விட மனம் வரவில்லை. பூமிக்குக் கீழே அறுபத்திரண்டாம் லெவலில் ஒரு காலை ஷிப்டில் மேல்கல்லைத் தட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கெட்டியா பொத்தலா என்று தெரியவில்லை. ஆபிரகாம் கீழே நின்று, "இன்னா மச்சான், கல்லு இன்னா சொல்லுது" என்றான். தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை போதும், இன்னொருவன் தட்டிப் பார்த்திருப்பான். நான், "கர்த்தர் பாத்துக்குவாரு, நீ உக்காரு" என்றேன். கால் மணி நேரத்தில் கல் விழுந்து அவன் இடது பாதம் நசுங்கியது. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நாலு பேர் உயிரையும் ஆண்டவர் காத்தார் என்று சாட்சி சொன்னேன், எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அன்றிலிருந்துதான் நான் அத்தனை கண்டிப்புக்காரன் ஆனேன் ஈவ்லின். யார் எதைச் சந்தேகமாகக் கேட்டாலும் எனக்கு ஆபிரகாமின் பாதம்தான் கண்ணில் வரும், உடனே குரலை உயர்த்துவேன். நீ கல்லைப் பற்றிக் கேட்டபோது வேதத்துக்காக நான் கோபப்பட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ லாட்ஜில் தங்கும் சேதி வந்த மறுவாரம் ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஆபிரகாம் வீட்டுக்குப் போனேன். காது கேட்காமல்தான் அன்றைக்கு அவனை உட்காரச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். "ஏம்பா, நாலு தரம் கூப்ட்டா ஒரு தரம் திரும்புவ, கூடவே வேலை செஞ்சவனுக்கு இது தெரியாதா" என்றான். தெரிந்தும் ஏனடா உட்கார்ந்தாய், நீயே கடப்பாரையை வாங்கித் தட்டியிருக்கலாமே என்று கேட்டேன். காலைத் தடவிக்கொண்டான். "நீ கர்த்தர் பேரைச் சொல்லிட்ட, அதுக்கு மேல நான் இன்னாத்தப் பேசறது" என்றான். கால் போனதற்கு அவன் ஒருநாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை, இப்போதும் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அவன் மனைவி கொடுத்த காபியைக் குடி குடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அதே வார்த்தையை வைத்துத்தானே உன் வாயையும் மூடப் பார்த்தேன். அவன் அடங்கினான், காலை இழந்தான். நீ அடங்கவில்லை, வீட்டை இழந்தாய். இரண்டுக்கும் நான் ஆண்டவர் பெயரைச் செலவு செய்திருக்கிறேன்.

இன்றைக்குச் சர்ச்சில் சாட்சி நேரத்தில் எழுந்து இதை எல்லாம் சொன்னேன், ஆபிரகாம் முதல் பெஞ்சில் இருந்தான். யாரும் ஆமென் சொல்லவில்லை. முடிந்ததும் அந்தப் பழைய தீர்மானத்தை அடித்துவிட வேண்டும் என்று பாஸ்டரிடம் கேட்டேன். மினிட்ஸில் எழுதியதை அடிக்கக்கூடாது, கமிட்டி ஒப்புக்கொண்டால் புதிதாகத்தான் எழுதலாம் என்றார். கமிட்டியை அங்கேயே உட்கார வைத்தார், ஒப்புக்கொண்டார்கள். நான் இப்போது செயலாளர் இல்லை, ஆனாலும் பேனாவை என்னிடமே கொடுத்தார். முன் செயலாளர் தேவநேசன் தன் குற்றத்தை மறைக்கவே தன் மகள்மேல் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அது செல்லாது, அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது பாக்கியவதி டீச்சர், "இன்னாண்ணே, அப்போ நீங்களும் கொரங்குன்னு ஒத்துக்கினீங்களா" என்றார். அது இன்னும் தீரவில்லை டீச்சர், நான் கெட்ட மனுஷன் என்பது மட்டும் தீர்ந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நிஜமாகவே அது தீரவில்லை. அப்பா வழிக்கு வந்துவிட்டார் என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. ஆதாமை ஆண்டவர் உண்டாக்கினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குரங்கு வழியாக என்றால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். சூரியன் நான்காம் நாள்தான் உண்டானது என்று வேதத்தில் இருக்கிறது, அப்படியானால் முதல் மூன்று நாளை எதை வைத்து எண்ணுவது என்று நான் வாலிபத்திலேயே யோசித்திருக்கிறேன். சூரியன் தெரியாத சுரங்கத்தில் ஷிப்டுச் சங்குச் சத்தத்தை வைத்து நாள் எண்ணியவனுக்கு அந்த யோசனை வராமல் இருக்குமா. யாரிடமும் கேட்டதில்லை, பயம். நீ ஒருநாள் ஆறு நாள் என்றால் எத்தனை ஷிப்டுப்பா என்று கேட்டுச் சிரித்தாய், அதற்கும் அறைய வந்தேன். ஒரு எலும்பை இடம் மாற்றக் கோடி வருஷம் பொறுத்திருக்கக்கூடியவர் என்றால் அவர் என்னைவிடப் பொறுமைசாலி, அவ்வளவுதான் இப்போதைக்கு என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. அப்படிப்பட்டவர் உன் கேள்விக்குக் கோபித்திருக்கமாட்டார் என்றும் தோன்றுகிறது. மீதியை நீ நேரில் வந்து சண்டை போடு. சுலபத்தில் விடமாட்டேன், உன் புத்தகத்தில் பென்சிலால் முப்பத்தேழு இடத்தில் கேள்வி குறித்து வைத்திருக்கிறேன்.

லாட்ஜ் வேண்டாம் என்று கட்டளை போடும் நிலையில் நான் இல்லை. கேட்டுக்கொள்கிறேன். நீ சொல்கிற தேதியில் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் நானும் ஆபிரகாமும் வந்து நிற்கிறோம், அங்கிருந்து ஒரே ரயிலில் மாரிகுப்பம் வந்துவிடலாம். வரமாட்டேன் என்றால் அம்மாவைக் கிறிஸ்டோவோடு அனுப்பி வைக்கிறேன், இந்தத் தரம் கத்தமாட்டேன். என் பழைய கடப்பாரை கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நல்ல கல், உட்கார் என்று நான் ஒருவனுக்குச் சொன்னது போதும், உனக்கு அப்படிச் சொல்லமாட்டேன். நீ வாசலில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னைத் தட்டிப் பார், சத்தம் பிடித்தால் உள்ளே வா.

ஆண்டவர் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், நீ தேடுகிறதை உனக்குக் காட்டட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்றை மறந்துவிடாதே, வந்தால் என் இடது பக்கம் நின்று பேசு, வலது பக்கம் நின்றால் எனக்குக் கேட்காது.

உன் அப்பா
தேவநேசன்