மூடியில்லாத தூக்கு

புளி போட்டுத் தேய்த்தேன். கடலை மாவு போட்டுத் தேய்த்தேன். கடைசியில் காப்பி மண்டியைக்கூட எடுத்து விரல் இடுக்கெல்லாம் பூசிப் பார்த்துவிட்டேன். போகவில்லை. இந்த வயதில், இந்தத் தெருவில், என் கையில் இப்படி ஒரு வாசனை. உனக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் நீ எப்படித்தான் இதைப் போக்கினாயோ, அந்த வித்தையை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். போனவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். ஒரே ஆபீசில், ஒரே மேஜையில் டிபன் டப்பாவைப் பங்கு போட்டுத் தின்றே தலை நரைத்தவர்கள் நாம். கரமனையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வீடும் அடுத்தடுத்த வீடு. கொல்லைக்கு நடுவில் சுவர்கூடக் கிடையாது. உன்னைப் பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போன கதையிலிருந்து உன் முழங்கால் வலி வரைக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் உன் மருமான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினான். போகும்போது உன் பழைய நூல் புடவை ஒன்றையும், தூபக்காலையும், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கையும் என்னிடம் கொடுத்தான். கூடவே அம்மிணியையும் கொடுத்தான். "நீங்கதான் மாமி பாத்துக்கணும், எனக்குப் பூனைன்னாலே தும்மல் வரும்" என்றான். நான் பூனை வளர்த்தவள் இல்லை. ஆனால் அம்மிணியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? பதினாலு வருஷமாக நம் தெருவுக்கே அவளால் பெருமை. வெளியூர்க்காரர்கள் வந்தால் காட்டுவோமே, "இதுதான் எங்க தெருவோட சைவப் பூனை. தயிர் சாதம் தவிர ஒண்ணும் தொடாது" என்று. உனக்கான இரங்கல் கூட்டத்தில் நம் தெரு சங்கச் செயலாளர் அதைக்கூட விடவில்லை. அவர் ஆசாரத்தில் அவர் வீட்டுப் பூனையும் நின்றது என்று மைக்கில் சொன்னார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்கு வந்தவள் அன்று அந்திக்கே அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் சாதாரண மியாவ் இல்லை. வயிற்றிலிருந்து எழும்பி வரும் நீளமான ஊளை. கொல்லைக்குப் போய் உன் வீட்டுத் துவைகல்லில் ஏறி உட்காருவாள். பின்கதவைப் பார்ப்பாள், ஆற்றுக்குப் போகும் சந்துப் பக்கம் பார்ப்பாள், மறுபடி ஊளை. இருட்டினதும் இறங்கி வந்து என் சமையலறை மூலையில் சுருண்டுகொள்வாள். மறுநாள் அதே பொழுதில் அதே கல். சாதத்தை வைத்தால் முகர்ந்து பார்த்து இரண்டு வாய் நக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். முதுகெலும்பு தடவினால் கையில் குத்துகிற அளவுக்கு இளைத்துப்போனாள்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நீ அந்தக் கல்லடியில் வந்து நிற்கிறாயாம், அது அவள் கண்ணுக்குத் தெரிகிறதாம். அபசகுனம், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு என்றார்கள் சிலர். விலங்குகளைப் பார்த்துக்கொள்கிற ஆட்களிடம் ஒப்படைத்துவிடலாம், நானே போன் பண்ணுகிறேன் என்றார் செயலாளர். "அது எங்காத்துக்கு வந்தவளாக்கும். யாருக்கும் கொடுக்கறதா இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

துக்கம்தான் என்று நானும் முதலில் நம்பினேன். உன் புடவையைக் கூடையில் விரித்துக் கொடுத்தேன். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்கினாள். அந்தியானதும் எழுந்துபோய் ஊளையிட்டாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. துக்கம் நேரம் பார்த்தா வரும்? எனக்கு உன் நினைப்பு காலையில் பஸ் ஹாரன் கேட்டால் வருகிறது. ரசத்துக்குப் பெருங்காயம் போடும்போது வருகிறது. டப்பாவில் ஊறுகாய் வைக்கும்போது, இனி யாருக்கு வைக்கிறேன் என்று வருகிறது. இவளுக்கு மட்டும் அந்தியில் வந்து இருட்டினால் போய்விடுமா என்ன?

வலியாக இருக்கும் என்று காய்கறிக் கூடையில் வைத்து ஆட்டோவில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண். மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். வாயைத் திறந்து பார்த்தாள், காதைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், ரத்தம் எடுத்தாள். வயசுக்குப் பல் பரவாயில்லை, கிட்னி பரவாயில்லை, பின்கால் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான் என்றாள். பிறகு கேட்டாள்.

"அம்மே, இவளுக்கு ஃபுட் எந்தா கொடுக்கறது?"

"தயிர் சாதம். பால். வெள்ளிக்கிழமை நெய் விட்டுப் பருப்பு சாதம்."

"வேற?"

"வேற என்ன? இதுதான் எப்பவும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பதினாலு வயசு வரைக்கும் தயிர் சாதத்தில ஒரு பூனையும் ஜீவிக்கில்ல அம்மே. கண்ணு போகும், ஹார்ட் போகும். இவளுக்கு யாரோ டெய்லி மீன் கொடுத்திட்டுண்டு. இப்போ அது நின்னு போச்சு. வேற அசுகம் ஒண்ணுமில்ல. விசப்பு. வெறும் பசி, கேட்டோ."

எனக்கு வந்ததே கோபம். யாரைப் பற்றிப் பேசுகிறாள் இவள்? "முட்டை போட்ட கேக்கு இருந்த தட்டுன்னு தெரிஞ்சு மேஜையையே மாத்தச் சொன்னவளாக்கும் அவ. தெருவுல பஜனைக்கு முதல் பாட்டு அவளோடது. அவளைப் போயி..." என்று அந்தக் கிளினிக்கே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அந்தப் பெண் அசரவில்லை. "நான் அவங்களைக் குத்தம் சொல்லல அம்மே. நல்லது செஞ்சிட்டுண்டு. இல்லாட்டி இவ எப்பவோ போயிருப்பா" என்றாள். இன்னும் சில வாரம் இப்படியே விட்டால் கண் மங்கிவிடும், பிறகு மருந்து கொடுத்தும் திரும்பாது என்றும் சொன்னாள். உனக்காக நான் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தனையும் வீண்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. முதல் தடவையாக உன் தூபக்காலில் கனல் போட்டுச் சாம்பிராணி தூவினேன். புகை எழும்பினதுதான் தாமதம், கூடையில் கிடந்த அம்மிணி துள்ளி எழுந்தாள். பின்கால் இறுக்கமெல்லாம் எங்கே போயிற்றோ, கொல்லைக்கு ஓடினாள். துவைகல்லில் ஏறி, வாலைச் சுற்றிக்கொண்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பரிமாறக் காத்திருப்பதுபோல உட்கார்ந்தாள். ஊளை இல்லை. நம்பிக்கையோடு என்னைப் பார்த்தாள். நான் தூபக்காலும் கையுமாக நின்றேன்.

அடி பாவி. தினமும் அந்தியில் கொல்லையில் நீ சாம்பிராணி போடுவாயே. "கொசு பிடுங்கறது" என்பாய். பக்தி என்று தெருவே சொன்னது. வெந்நீர் அடுப்பில் புகை, சாம்பிராணிப் புகை, எல்லாம் சேர்ந்து என் கொல்லை வரைக்கும் வரும். அதற்கு முன்னால் கையில் தூக்கோடு சந்து வழியாக ஆற்றங்கரைக்குப் போவாய். "காத்து வாங்கிண்டு வரேன்" என்பாய். நானும் வருகிறேன் என்று சொன்னால் உனக்கு உடனே முழங்கால் வலி வந்துவிடும், அரைமணி கழித்துத் தனியாகப் போவாய். காற்று வாங்கத் தூக்கு எதற்கு என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா?

அன்றே உன் தூக்கை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர் ஒருத்தர் நின்றிருந்தார். கொளச்சல்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தூக்கைப் பார்த்துவிட்டார்.

"இது ரெண்டு சாளை அம்மாக்க தூக்குல்லா? அம்மைக்கு சொகமில்லியா? கொஞ்ச நாளா காணல்லியே."

சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் வெட்டும்போ அந்தப் பக்கமா ஆத்தப் பாத்துட்டு நிப்பாவ. முடிஞ்சுதாப்பா, முடிஞ்சுதாப்பான்னு கேட்டுக்கிட்டே இருப்பாவ. ஒரு நாளும் இங்க திரும்பிப் பாத்தது இல்ல. ஆனா மழைன்னாலும் வந்திருவாவ."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நீ நின்ற இடத்தில்தான் நானும் நின்றேன். அப்போது அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. எனக்கும் இரண்டு சாளை மீன் வேண்டும் என்றேன். அவர் மீனைப் பலகையில் வைத்ததும் எனக்கும் முகம் ஆற்றுப்பக்கம்தான் திரும்பியது. மாட்டேன் என்று திருப்பிக்கொண்டு வந்து பார்த்தேன். முதல் மீனுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவதற்குக் கையை எடுத்துவிட்டேன்.

வெந்நீர் அடுப்பில் ஒரு பழைய மண்சட்டியில் உப்பில்லாமல் வேகவைத்தேன். ஆறுகிற வரைக்கும் அம்மிணி என் கால் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாள். தின்று முடித்து, துவைகல்லிலேயே உட்கார்ந்து, முன்காலை நக்கி நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஊளை இல்லை. மறுநாளும் இல்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. எல்லாவற்றையும் சொன்னவள், இரண்டு சாளையைச் சொல்லக் கூடாதா? நான் திட்டியிருப்பேன். இரண்டு நாள் பேசாமலும் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் உன்கூட ஆற்றங்கரைக்கு வந்திருப்பேன், அது உனக்குத் தெரியாதா? யோசித்து யோசித்து ஒன்று புரிகிறது. கல்யாணம் ஆகாமல் ஒருத்தி இந்தத் தெருவில் தனியாக வீடு எடுத்து இருந்தாள் என்றால், யாரும் நாக்கைப் போட்டுப் பேசாமல் இருந்தது உன் ஆசாரத்துக்குப் பயந்துதான். அந்தப் பெயர் உனக்கு வேலி. அதில் ஒரு முள் குறைந்தாலும் என்ன ஆகும் என்று உனக்குத்தான் தெரியும். என்னிடம் சொன்னால்கூட வெளியே சொன்னதுதான் என்று பயந்திருக்கிறாய். புரிகிறது. ஆனாலும் கோபம் போகவில்லை, போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

நான் சாம்பிராணி போட்டு மறைக்கவில்லை. பத்து நாளில் வாசனை தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"மாமி, ஒரு விஷயம். உங்களுக்கு மனசுல வெஷமம் தோணப்படாது."

"தோணினா சொல்றேன். நீங்க சொல்லுங்கோ."

"உங்காத்துக் கொல்லைலேந்து மீன் நாத்தம் வரதுன்னு நாலு பேர் பரயறா. இது அக்ரஹாரமாக்கும்."

"வரது. அம்மிணிக்கு வேகவைக்கறேன். டாக்டர் சொல்லியாக்கும்."

அவர் தலையை ஆட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். "அவா அந்தப் பூனையை எப்படி வளத்தா. ஒரு தபஸ் மாதிரின்னா வளத்தா. தயிர் சாதம் தவிர ஒண்ணு தொட்டிருக்குமா? அவா கண்ணை மூடி இத்தனை சீக்கிரம் நீங்க அதைக் கெடுத்துட்டேளே மாமி."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். தூக்கைக் காட்டி, கொளச்சல்காரரைக் கூப்பிட்டு, துவைகல்லைக் காட்டிச் சொல்லியிருந்தால் அவர் வாயடைத்துப் போயிருப்பார். எனக்கும் ஜெயித்த மாதிரி இருந்திருக்கும். அம்மிணி வந்து என் காலடியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும், அவளும் வாயைத் திறக்கவில்லை.

"ஆமாம்" என்றேன். "நான்தான் கெடுத்தேன். இனியும் கெடுப்பேன்."

"கமிட்டியில வைக்க வேண்டி வரும்."

"வையுங்கோ. நானும் வரேன். இவளையும் கூடையில எடுத்துண்டு வரேன். தயிர் சாதம் போட்டு ஒரு மாசம் உயிரோட வச்சுக்கறேன்னு அங்கே யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அப்பவே கொடுத்துடறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கமிட்டி கூடுமோ, கூடாதோ. கூடினால் என்ன செய்வார்கள்? பஜனையில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். என் குரலுக்கு அது நல்லதுதான் என்று நீயே சொல்வாய். நான் புருஷனைப் பறிகொடுத்தவள், பென்ஷன்காரி, பிள்ளை ஊரில் இல்லை. போவதற்கு எனக்கு என்ன பெரிய பெயர் இருக்கிறது? உனக்கு இருந்தது. அது அப்படியே இருக்கட்டும்.

அம்மிணிக்கு முதுகில் சதை பிடித்திருக்கிறது. டாக்டர்ப் பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றாள். நானும் அவளிடம் அன்று கத்தினதற்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணி போட்டால் மட்டும் தனக்குத்தான் என்று இவள் இன்னும் கொல்லைக்கு ஓடுகிறாள். அன்றைக்கு ஒரு மீன் கூடுதலாக வாங்கிவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் சந்து வழியாகத் திரும்பவில்லை. ஆற்றங்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறி, தெருவின் முன்பக்கமாக வந்தேன். உன் தூக்கின் மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். எல்லா வாசலிலும் கோலம் போட்டு விளக்கேற்றுகிற நேரம். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நம் பஜனைக் கோஷ்டியில் இரண்டு பேர் நின்றார்கள். "தூக்குல என்ன மாமி, பாலா?" என்று கேட்டாள் ஒருத்தி. தூக்கைச் சாய்த்துக் காட்டினேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"சிவ சிவா. உங்களுக்கு யாரு மாமி இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லை" என்றேன். "என் புத்திதான்."