பதினான்காம் எண் வீடு

பிப்ரவரி 6, செவ்வாய்

ஜெப அறையைக் கூட்டித் துடைத்தோம். போன ஞாயிறு வந்தது நான்கு பேர், அதில் நாங்களே இரண்டு. ஆனாலும் இவர் இருபது மடக்கு நாற்காலிகளையும் விரித்துப் போடுகிறார். "எதுக்குங்க இருபது?" என்றால், "வந்துட்டா?" என்கிறார்.

ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்து ஐந்து மாதம். தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டேன் என்று என்னையும் இழுத்து வந்த மனிதர். சபையை விட்டு விலகிப் போனவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. விதிப்படி இருவரும் சேர்ந்தேதான் போக வேண்டும். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்ததில்லை. கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறைகூடக் கிடையாது.

பிப்ரவரி 8, வியாழன்

வியாழன் என்றால் பதினான்காம் எண் வீடு. நான்கு மாடி, லிஃப்ட் இல்லை. என் முழங்கால் படிக்குப் படி என்னைத் திட்டுகிறது. அங்கே இருக்கும் பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. எங்கள் பட்டியலில் முகம் சுளிக்காமல் கதவு திறக்கும் ஒரே ஆள். தேநீர் தருவார். இவர் ஜெபித்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிறு வாங்க என்றால் மட்டும், "பாக்கலாம், பாக்கலாம்."

பிப்ரவரி 13

இவர் மிஷன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். எங்களை விடுவித்து ஊருக்கு அனுப்பச் சொல்லி. மாத முடிவுக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால் அடுத்த மாதமே விமானம்.

"ஒருத்தரையாவது திரும்பக் கூட்டிட்டு வந்தோமா? தண்டச்சோறு."

எனக்குப் போக மனசில்லை. பேத்தியைப் பார்க்க ஆசை இல்லாமலா? இருக்கிறது. ஆனால் இப்படித் தோற்றுப்போன முகத்தோடு இவர் வீட்டு வாசலில் போய் இறங்கக் கூடாது. அதுதான் என் பயம். பெரியவரிடம் சொல்லிவிட்டு அனுப்பலாமே என்றேன். சரி என்று இழுப்பறையில் போட்டார்.

பிப்ரவரி 14

மகள் போனில் பேசினாள். கடிதத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

பிப்ரவரி 15

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

காலையில் அலுவலகத்திலிருந்து புதுப் பட்டியல் வந்தது. பழையதில் குடும்பப் பெயரும் கதவு எண்ணும் மட்டும்தான். புதியதில் விவரமாக — பதினான்கு, தையல்காரம்மா, எழுபத்தொரு வயது, பின்பக்கப் படிக்கட்டு.

பின்பக்கமா? பொம்பளையா? அப்போ நாம அஞ்சு மாசமா பாத்துட்டு வர்றது யாரை?

ஓடினோம். அந்தக் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு, இரண்டிலும் ஒரு பதினான்கு. பெரியவர் கதவைத் திறந்தார். இவர் பட்டியலை நீட்டினார்.

"நான் உங்க சபை இல்லைங்க," என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி. "முதல் நாள் மூச்சு வாங்கிட்டு நின்னீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரலை. அப்புறம் வாரா வாரம் வந்தீங்க. உண்மையைச் சொன்னா வராம போயிடுவீங்களேன்னு..."

"முப்பத்தஞ்சு வருஷம். ஒரு கடிதம் வீடு மாத்திக் கொடுத்ததில்லை நான்," என்று இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் செருப்பை மாட்டினார். எங்களைக் கீழே இறக்கி, பின்பக்கமாக ஏற்றி, அவரே கதவைத் தட்டினார். கைத்தடியோடு ஓர் அம்மா திறந்தார்.

"உங்களுக்கு வர வேண்டியவங்கம்மா. அஞ்சு மாசம் என்கிட்ட இருந்துட்டாங்க. தப்பு என் மேல."

அந்த அம்மா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படி இறங்கவில்லையாம். "சபையில என் பேரை அடிச்சிட்டாங்கன்னுல்ல நினைச்சேன்," என்றார். அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 16

இவர் புதுப் பட்டியலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் இன்னும் இழுப்பறையில்.

பிப்ரவரி 17

விடிந்ததும் பட்டியலை மேசையில் விரித்துச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். "இதுல இன்னும் எத்தனை தப்போ! வா, எல்லாத்தையும் சரிபாக்கணும்." பழைய தபால்காரர் எழுந்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பத்து மணிக்குப் பெரியவர் வந்து நின்றார். "எந்தத் தெருவுல எண்ணு மாறிச்சுன்னு எனக்கு அத்துப்படி. ஜெபத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க. வழி காட்ட வர்றேன்."

முப்பத்தொரு வீட்டில் ஒன்பது தப்பு.

பிப்ரவரி 29

மாதக் கடைசி. கடிதம் போனதா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

தையல்காரம்மா இறங்க முடியாதென்பதால் கூட்டமே நான்கு மாடி ஏறியது. பெரியவர் நாற்காலிகளை நான்கு நான்காகத் தூக்கி வந்து போட்டுவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்த மட்டும் விடவில்லை. பதினோரு பேர்!

திரும்பும்போது இவர் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். தெருவும் படிக்கட்டும் கதவுமாக இவரே வரைந்த படம். "பத்திரமா வை. அந்த ஒன்பதுல இன்னும் ஆறு வீடு பாக்கி."

வீட்டுக்கு வந்து மடிக்கும்போது பின்பக்கத்தைப் பார்த்தேன். இவர் கையெழுத்துதான். 'மதிப்பிற்குரிய ஐயா, என்னையும் என் மனைவியையும் இப்பணியிலிருந்து விடுவிக்குமாறு' — அதற்கு மேல் சிவப்புக் கோடு அழுந்தி எழுத்து தெரியவில்லை.

பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஐந்து மாடியாம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும்.