மீனம்பாக்கத்து மாடியில் நான் பார்த்த ஆள்

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
17-2-1964

அன்பு மகன் சகாயநாதனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த லண்டன் குளிரில் நீ மார்ச்சளி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதி. உன் தங்கை லூர்துராணியின் மூத்தவன் ஜெரோமுக்குத் திருவெறும்பூரில் புதிதாகக் கட்டுகிற தொழிற்சாலையில் டிரெயினிங் ஆர்டர் வந்துவிட்டது, நம் தெருவில் முதல் ஆள் அவன்தான். அவன் தங்கை செலின் கணக்கில் ஸ்கூலுக்கே முதல், மதர் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார்களாம். சின்னவன் ஸ்ரீரங்கத்து ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கினான், இப்போது அதில்தான் காப்பி குடிக்கிறான். உன் மகன் பியானோவில் பரிசு வாங்கியதையும் கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று, பியானோ எப்படி இருக்கும் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

இனி மீனம்பாக்கம் போன கதை. கம்பெனி உன்னைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மாற்றிவிட்டது, விமானம் மெட்ராஸில் ஒரு மணி நேரம் நிற்கும், வெளியே விடமாட்டார்கள், மாடியிலிருந்து பார்க்கலாம் என்று நீ எழுதினதும் மாப்பிள்ளை பாக்கியநாதனோடு ரயில் ஏறிவிட்டேன். அது ஒரு தனி ஊர் ராசா. முதலில் டெல்லி போகிறவர்கள் வாசலில் நின்றோம், பிறகு பெட்டி திறந்து காட்டுகிற கஸ்டம்ஸ் கதவில் நின்றோம், இரண்டு இடத்திலும் விரட்டினார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னதெல்லாம் உன் விமானம் என்றே எனக்குப் பட்டது. மகனை வழியனுப்ப நாகூரிலிருந்து வந்த ஆபிதா என்கிற அம்மாதான், இங்கன நின்னா பொட்டிதாங்க தெரியும், புள்ள தெரியாது, மேல வாங்கக்கா என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கம்பியோரம் இடம்பிடித்துக் கொடுத்தார்கள். விமானம் வந்தது, காற்றில் முக்காடு பறந்தது, ஏணியை உருட்டிவந்து வைத்தார்கள். நாலைந்து பேருக்குப் பின்னால் உன் அப்பாவைப் போலவே இடது தோளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கி, மச்சான் இவ்வளவு உயரமாங்க அத்தை என்றார். எம்புள்ளைய எனக்குத் தெரியாதா, நீங்க சும்மா இருங்க என்று வாயை அடைத்துவிட்டேன். சகாயம் சகாயம் என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். நீ சிங்கப்பூர் போன அன்று வாசலில் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேனே, அதேபோல் அந்த உயரத்திலிருந்து காற்றிலேயே போட்டேன்.

ஊர் திரும்பி, மகனைப் பார்த்தேன், மெலிந்துவிட்டான் என்று ஜட்கா வண்டிக்காரர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தால் லூர்துராணி தந்தியை நீட்டுகிறாள். அந்த விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, கொழும்பு வழியாகப் போகிறேன் என்று நீ அடித்தது, நாங்கள் ரயில் ஏறின பிறகு வந்திருக்கிறது. உன்மேல் குறை இல்லை. யாருக்கோ கையை ஆட்டிவிட்டு வயிறு நிறைந்து வந்தேனே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் லீவு கிடைத்தால் வருகிறேன் என்று எழுதுகிறாய். சிங்கப்பூரிலிருந்தே வராதவன் லண்டனிலிருந்து வருவாய் என்று நான் இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. எனக்கும் கண் புரை விழுகிறது, இன்னொரு தடவை அந்த மாடி ஏறமாட்டேன்.

தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள், ஞாயிறு பூசை தவறாதே. மருமகள் டோரதியும் பிள்ளைகளும் கப்பலில் சுகமாக வந்து சேரட்டும். தேவமாதா உங்களைக் காப்பாற்றட்டும். உனக்கென்று போட்ட சிலுவை வேறு ஒருவருக்குப் போய்விட்டது, ஆகையால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று போட்டிருக்கிறேன், நெற்றியில் ஒற்றிக்கொள். நீ அனுப்புகிற படத்திலெல்லாம் டோரதி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், எடுக்கிறவன் நீ என்பதால் நீ மட்டும் இல்லை. டோரதி வந்து சேர்ந்ததும் கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ போய் நில். தொப்பி வேண்டாம், நேராகப் பார்த்து நில். அந்தப் படத்தைத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
சவரியம்மாள் ✝