நாற்பது நிமிடப் பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பேஸ்மேக்கரின் நினைவகத்தை வடிவமைக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு நேற்று ஓர் ஆசிரியை வந்திருந்தார். பேட்டரி தீரும் நிலையில் அவர் நெஞ்சிலிருந்து மாற்றி எடுத்த கருவியை நான்தான் திறந்து படித்தேன். நகக்கண் அளவுச் சிப்பில் ஒரு காலைப்பொழுது பதிவாகியிருந்தது. நாற்பது நிமிடம் அவர் இதயம் தானாகத் துடிக்கவே இல்லை. ஒவ்வொரு துடிப்பையும் கருவிதான் தட்டி எழுப்பியிருந்தது.

நேரத்தைச் சொன்னதும், “பத்து மணியா? அப்ப வகுப்புல கணக்கு நடத்திட்டு இருந்திருப்பேன். எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா” என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

அம்மா நெஞ்சில் இருப்பதும் இதே வகைதான் அப்பா. படியேறலாம் என்று டாக்டரே சொன்ன பிறகும் ஏற விடாமல் அவளைப் பிடித்துவைக்காதீர்கள். மொட்டைமாடியில் நின்று என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஞாயிறு முழுக்க ஃபோன் பக்கத்திலேயே இருப்பேன்.

வேலைக்கு அழைக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்