தெரு முனையில் நின்ற வேன்

என் ஆசை அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். எதிர் வீட்டுக்காரரை, நம் தெருச் சங்கத் தலைவரை, நேற்று நிறைந்த சபையில் தலைகுனிய வைத்துவிட்டேன்.

பெருவெள்ளத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஊர் கூடி வாங்கி நம் தெருச் சங்கத்திடம் ஒப்படைத்த ஆம்புலன்ஸ் வேன் நினைவிருக்கிறதா? நோயாளியை ஏற்றிப் போனதைவிட, திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தைக் கொண்டுவந்து இறக்கியதுதான் அதிகம். அதனால் அது வீட்டு வாசலில் நிற்கக் கூடாது, நோயாளிதான் தெரு முனைக்கு வர வேண்டும் என்று தலைவர் சட்டம் போட்டார். அபசகுனம் என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை.

உனக்கு நெஞ்சு வலித்த காலையில் அவர் வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல். "முகூர்த்த நேரம்ப்பா, வண்டியை இந்தப் பக்கம் விட்டுடாதே" என்று டிரைவரைக் கைகாட்டி நிறுத்தினார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்ட, என்னைப் பிடித்துக்கொண்டு நீ நடந்தாய். "கொஞ்ச தூரம்தானேடி, போயிடலாம்" என்று எனக்கே தைரியம் சொன்னாய். காவிரிப் பாலத்தின் மேல் உன் பேச்சு நின்றது.

"நெஞ்சு வலிக்காரங்களை நடக்க வைக்கலாமாம்மா?" என்று கேட்டார் டாக்டர். நடக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாயா அக்கா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது கேள். போன ஆடியில் அவருக்கே நெஞ்சு வலி வந்தது. வேன் வழக்கம்போல முனையில் நின்றது. அவர் சம்சாரம் தெருவில் ஓடிப்போய், "வாசலுக்கே வாங்க, ஐயோ, வாசலுக்கே வாங்க!" என்று அலறினார். வந்தது. தலைவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி போய், பிழைத்து வந்தார். வந்ததும் சட்டத்தை எடுத்துவிட்டார். வேனில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தார். பிணம் ஏற்ற வேறு வண்டி ஏற்பாடு செய்தார், டிரைவருக்கு முதலுதவியும் கற்றுக்கொடுக்க வைத்தார்.

இந்த மாற்றங்களால் என்ன பலன் என்று பார்க்கத்தான் நேற்றுக் கூட்டம். மண்ணச்சநல்லூரிலிருந்து ரைஸ்மில்காரர் ஒருவர் வந்திருந்தார். போன மாதம் நம் தெருவுக்கு வந்த இடத்தில் பக்கவாதத்தில் விழுந்தவர். நம் வேன் டிரைவர் வழியில் மூச்சு அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு போனதால் பிழைத்தேன் என்று குழறிக் குழறி நன்றி சொன்னார். பலன் உண்டு அக்கா. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேனில் தலைவர் பெயரை எழுத வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னாரே, அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து நின்றேன். "எழுதலாங்க. அதுக்கு முன்னால ஐயா அவர் வீட்டு வாசல்லேர்ந்து தெரு முனை வரைக்கும் ஒரு தடவை வேகமா நடந்து காட்டட்டும்."

அவர் முகம் வெளிறிப்போனது. "டாக்டர் என்னை அப்படியெல்லாம் நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

"எங்க அக்காவை எந்த டாக்டருங்க நடக்கச் சொன்னாரு?"

அவர் சம்சாரம் அழுதுவிட்டார். எனக்கு இரக்கம் வரும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

பெயர் எழுதும் பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வேனில் அவர் பெயர் ஏறாது. வேன் ஓடட்டும், எல்லோர் வாசலுக்கும் வரட்டும். ஒவ்வொரு தடவை வரும்போதும், யாரைக் கொன்ற பிறகு இது வாசலுக்கு வந்தது என்று அவர் காதில் விழும்படி நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இன்னும் மனசு ஆறாத,
உன் தங்கை