மறியலில் நின்ற நாலாவது பஸ்

24.10.2025

அன்புள்ள உசேன் சார் அவர்களுக்கு,

இங்கே சுகம். நீங்களும் மகள் பர்வினும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் எங்கள் ஊர் முனையில் திருவாரூர் சாலையை மறித்தோம். கொள்முதல் நிலையத்தில் பதினெட்டு நாளாக நெல் எடுக்கவில்லை. மழையில் தார்ப்பாய்க்கு அடியிலேயே முளைத்துவிட்டது. ரோட்டில் உட்கார எனக்குப் பயம்தான். ஆனால் பக்கத்து வயல் காத்தான் தன் குவியலில் கையை விட்டு வேரும் முளையுமாக அள்ளிக் காட்டிய பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை.

எந்த வண்டிக்கு வழிவிடுவது என்று எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி, பிரசவம், பரீட்சைப் பிள்ளைகள், பால் வண்டி. "சார் ரோட்டையும் பரீட்சை ஹாலா ஆக்கிட்டாரு" என்று காத்தான் சிரித்தான்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். "சாவு வீட்டுக்குப் போறோம் ஐயா, எங்க பஸ்ஸை மட்டும் விட்டுடுங்க" என்றாள். தாளைப் பார்த்தேன். "அமரர் ஊர்திக்கு உண்டும்மா. போறவங்களுக்கு இதுல இல்லையே" என்றேன். ஒரு பஸ்ஸை விட்டால் மற்றதை எப்படி நிறுத்துவது? அவள் பஸ்ஸுக்குத் திரும்பி நடந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். மாலையே எடை தொடங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. நம் நியாயத்துக்காக வழியில் போகிறவரை நிறுத்தலாமா சார்? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

தங்கள்,
துரைக்கண்ணு


மன்னார்குடி
2.11.2025

அன்புள்ள துரைக்கண்ணு சார்,

அந்தப் பெண் பர்வின். பர்தாவில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மழைக்கு நீங்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்ததால் அவளுக்கும் உங்களைத் தெரியவில்லை. "ஒரு பெரியவர் பேப்பரைப் பார்த்துட்டு இல்லங்கிறார் அத்தா" என்றாள். பேப்பர் என்றதும், பள்ளிக்கூடத்திலும் எதற்கும் தாளைப் பார்க்கும் உங்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது. முட்டி வலியோடு என்னால் இறங்க முடியவில்லை.

நாகப்பட்டினத்தில் என் அக்கா மௌத்தாகிவிட்டார். என்னை வளர்த்தவர். பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்காக ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டும் பார்த்தார்களாம். நான் போனபோது எல்லோரும் அடக்கம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

மறியல் தப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் உட்காராவிட்டால் அந்த நெல்லை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சார், அவள் திரும்பி நடந்தபோது நீங்கள் எழுந்து கூடவே வந்திருக்கலாம். எங்கள் பஸ் நாலாவதாகத்தான் நின்றது.

மீரா உசேன்


6.11.2025

அன்புள்ள சார்,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் என்று தெரிந்திருந்தால் விட்டிருப்பேன் என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. தெரியாதவர் என்றால் நிறுத்தலாம் என்று ஆகிறதே.

நாற்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டேன். எழுதிவைத்ததை விட்டு விலகினால் தப்பாகிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. மனிதர் எதிரே நிற்கும்போதும் தாளைத்தான் பார்த்தேன்.

காத்தானிடம் சொன்னேன். "என் நெல்லு போனதுக்குப் பணமாவது வந்துச்சு சார், இதுக்கு என்ன வரும்?" என்றான்.

அக்காவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நான் வரலாமா? ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுகிறேன். வா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

துரைக்கண்ணு


மன்னார்குடி
14.11.2025

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தைப் பர்வினும் படித்தாள். அவளுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. "இல்லன்னு சொன்னாலும் மரியாதையாத்தான் சொன்னாரு அத்தா" என்கிறாள்.

நாற்பதுக்கு வர வேண்டாம். தள்ளிவைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வந்தால் என்னைப் பார்த்ததும் அழுதுவிடுவீர்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் எனக்கு அது தெரியும். அப்புறம் நான்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். என் அக்கா வீட்டில் அன்றைக்கு அதற்கு எனக்குத் தெம்பு இருக்காது.

மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போட வேண்டாம்.

மீரா உசேன்