அலை முடியும் இடத்தில் ஓர் இழுப்பு

இன்று பீரோவில் போர்வை தேடும்போது ஹவாய்த் தீவின் ஹூலா நடனத்துக்கு நீ கட்டிய பாவாடை கையில் தட்டுப்பட்டது. தறியில் புடவையை அறுத்தபின் மிஞ்சும் பாவு நூலை இடுப்புக் கயிற்றில் கொத்துக் கொத்தாக முடிந்து நீ செய்தது. இன்னும் கஞ்சி வாசனை போகவில்லை. கதவை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதுபோல் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டுதானே முதல் வகுப்பில் போன் முன்னால் நின்றோம்? ஹவாயிலிருந்து இணையத்தில் கற்றுக்கொடுக்கும் டீச்சர் சிரிக்கவில்லை. "பாவாடை பிறகு. முதலில் பாட்டின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். கை அதைத்தான் சொல்ல வேண்டும்" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போனது. நீயோ அன்றே பாவாடையை அவிழ்த்து மடித்துவிட்டாய். "முகூர்த்தப் பட்டுப்புடவைய எவளாவது வேஷத்துக்குக் கட்டிக்கினு திரிஞ்சா நம்ம சும்மா இருப்போமாடி?" என்று என்னையே கேட்டாய்.

அதன் பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் உங்கள் வீட்டு மாடிதான் நம் மேடை. நான் பள்ளியில் பரதம் கற்றவள். தரையைத் தட்டியே பழகிய கால் மெல்ல நகர மறுத்தது. உனக்கு இடுப்பும் முழங்காலும் சொன்னபடி கேட்டன. கைதான் காலை வாரிவிடும். கடல் அலையைக் காட்டும் இடத்தில் உன் வலக்கை மெதுவாகப் போய், முடிவில் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்கும். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓடவிடக் கயிற்றை இழுப்பாயே, அதே இழுப்பு.

"அலைக்குப் புடவை நெய்றியாடி?" என்று கேலி செய்வேன்.

"பகலெல்லாம் இழுத்துக்கினு இருக்கிற கை, சாயங்காலம் மட்டும் எப்டி சும்மா இருக்கும்? பொங்கலுக்குள்ள சரி பண்ணிடறேன் பாரு."

பொங்கலுக்குத் தெருவில் இருவரும் ஆடுவதாக இருந்தது. அதற்கு முன்னால், மழையோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. வெறும் காய்ச்சல்தானே என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் அதே மாடியில் என்னோடு சேர்ந்து ஆடுகிறார்கள். "மாடி சும்மாதானே கெடக்குது, வாங்கம்மா" என்று உன் அம்மாதான் கூப்பிட்டார். போன வகுப்பில் டீச்சர் எங்களை ஆடச் சொல்லிப் பார்த்தார். "அலை முடியும்போது எல்லோருக்கும் வலக்கையில் அது என்ன?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். தறியில் ஒருநாளும் உட்காராத என் கை, உன் கையைப்போல இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஆடிய பிள்ளைகளும் அப்படியே இழுத்திருக்கிறார்கள்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "ஆனால் கடலுக்கு அந்த இழுப்பு கிடையாது. பிள்ளைகளுக்கு மாற்றிவிடுங்கள்" என்றார். நியாயம்தான். பாவாடையை அவிழ்த்து மடித்தவள் நீ. நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஒவ்வொருத்தியின் மணிக்கட்டையும் பிடித்து மாற்றினேன். ஒவ்வொரு கை சரியாகும்போதும் நீ இன்னொரு முறை போவதுபோல் இருந்தது.

என் கையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் பின்வரிசையில் நின்று அதே இழுப்போடு ஆடிக்கொண்டிருந்தேன். காய்ந்த துணி எடுக்க வந்த உன் அம்மா படியிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் யாரையும் அவர் பார்க்கவில்லை; என் வலக்கையைத்தான் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி காட்டும்மா" என்றார்.

காட்டினேன்.